நாற்பத்திரண்டு கையெழுத்துகள்

கனகசுந்தரம் என் வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டும். அதற்காகத்தான் நான் போதை மறுவாழ்வு நிலையம் திறந்தேன். பேப்பரில் தாயுள்ளம், தொண்டு என்றெல்லாம் போட்டிருந்தார்கள். அது அவர்களாக எழுதிக்கொண்டது. என்னைக் கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பேன், ஆனால் யாரும் கேட்கவில்லை.

என் பெயர் தவமணி. பினாங்கில், டத்தோ கிராமாட்டில் முப்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். என் புருஷன் அப்புத்துரை துறைமுகத்தில் கிராணியாக, குமாஸ்தா உத்தியோகத்தில், இருந்தார். எங்கள் வட்டாரத்து யாழ்ப்பாணக் குடும்பங்களெல்லாம் அப்படித்தான். கிராணி, வாத்தியார், ஸ்டேஷன் மாஸ்டர். பகலெல்லாம் வெள்ளைச் சட்டையோடு வேலை, சாயங்காலமானால் குடும்ப நல மன்றத்தில் கூட்டம். மன்றத்துக்குத் தலைவர் கனகசுந்தரம், எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. என் புருஷன் செயலாளர்.

1978-இல் மீரா சாகிப் என்று ஒரு டாக்டர் மன்றத்துக்கு வந்தார். ஹெராயினில் விழுந்த பிள்ளைகளுக்குச் சிகிச்சை கொடுக்க மண்டபத்தின் பின்பகுதியைத் தர முடியுமா என்று கேட்டார். அப்போது பினாங்கில் அது இல்லாத தெரு எது? பானம் குடிக்கும் ஸ்ட்ரோவைச் சின்னதாக வெட்டி, உள்ளே பொடியை அடைத்து, இரண்டு முனையையும் நெருப்பில் காட்டி ஒட்டி விற்றார்கள். சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை, நம் பிள்ளை என்று அது பேதம் பார்க்கவில்லை. கனகசுந்தரம் பார்த்தார். நம் ஆட்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை உண்டா என்று அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

உடனே ஒரு மனு தயாரானது. அவரே உட்கார்ந்து அழகான இங்கிலீஷில் டைப் அடித்தார். 'கீழே கையெழுத்திட்டுள்ள நாற்பத்திரண்டு குடும்பத் தலைவர்களாகிய நாங்கள், எங்கள் இல்லங்களில் போதைப் பழக்கம் உள்ளவர் ஒருவரும் இல்லை என்று உறுதி கூறுகிறோம். ஆகவே, இத்தகைய நிலையம் எங்கள் பகுதிக்குத் தேவையில்லை.' வேறு ஆட்களாக இருந்தால் பொய்யை வாயால் சொல்லிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போயிருப்பார்கள். எங்கள் ஆட்கள் கிராணிகள் ஆயிற்றே! மூன்று நகல் எடுத்து, மூன்றிலும் பேனாவால் கையெழுத்து வாங்கி, ஒன்றை மேலிடத்துக்கு அனுப்பி, ஒன்றைத் தலைவர் வைத்துக்கொண்டு, ஒன்றைச் செயலாளர் பைலில் போட்டு நூல் கட்டி வைத்தார்கள்.

ஏழாவது கையெழுத்து என் புருஷனுடையது. அதைப் போட்டபோது எங்கள் ஒரே மகன் நாகநாதன் பின்னறையில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தான். இருபத்தொரு வயது. இரண்டு நாளாகப் பொடி கிடைக்காமல் எலும்பெல்லாம் வலிக்குதம்மா என்று அழுதுகொண்டிருந்தான். முன் ஹாலில் கனகசுந்தரம், "தம்பிக்கு என்ன, காய்ச்சலா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றார் என் புருஷன். நான் கோப்பி கலக்கிக்கொண்டு வந்து வைத்தேன். கனகசுந்தரத்துக்கு விஷயம் தெரியும். தெருவுக்கே தெரியும். தெரிந்தேதான் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

மண்டபம் கிடைக்காமல் டாக்டர் கடலுக்கு அக்கரையில் சுங்கை பாக்காப் பக்கம் போய்விட்டார். பிள்ளையை அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். பெரிப் படகில் ஏறும்போது யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்று நாங்கள் இரண்டு பேரும் யோசித்துக்கொண்டே இருந்தோம். ஒன்பது மாதம் கழித்து ஆயர் ஈத்தாம் பசாருக்குப் பின்னால் ஒரு கழிப்பறையில் அவனைக் கண்டெடுத்தார்கள். சாவுக்கு வந்த கனகசுந்தரம் என் புருஷனின் தோளில் கை வைத்து, "காய்ச்சல்னே எல்லாருக்கும் சொல்லியாச்சு" என்றார். அந்த நிமிஷத்தில் அவர் வெள்ளைச் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். நான் செய்யவில்லை.

என் புருஷன் அதிக நாள் தாங்கவில்லை. 83-இல் அவரும் போன பிறகு அலமாரியை ஒழித்தபோது அந்தப் பைல் கிடைத்தது. நாற்பத்திரண்டு பெயரையும் ஒரு தடவை விரல் வைத்துப் படித்தேன். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

வேலை முடிய மூன்று வருஷம் பிடித்தது. டாக்டரைத் தேடிப் போய்க் கையைக் காலைப் பிடித்துக் கூட்டி வந்தேன். வெள்ளிக்கிழமை தோறும் அவர் வருவார். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற சலேஹா என்னோடு சேர்ந்துகொண்டாள். முன் ஹாலும் இரண்டு அறையும் நிலையம், பின்கட்டில் நான். எட்டுக் கட்டில். அனுமதிக் கடிதம் வந்தது. 1986 பிப்ரவரியில் நாலு பாஷையில் போர்டு எழுதி, தெருவைப் பார்த்து மாட்டினேன். கனகசுந்தரம் கோயிலுக்குப் போகிறபோதும் வருகிறபோதும் அதைப் பார்த்தாக வேண்டும்.

சேர்க்கும் மேசை வாசலை ஒட்டி இருந்தது. மேசைக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் சுவரில், கண்ணாடி போட்டு, அந்த மனு. சீனர், மலாய்க்காரர், தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடைப் பிள்ளைகள் யார் வந்தாலும் பெயர் எழுதி உள்ளே அனுப்பிவிடுவேன். அந்த நாற்பத்திரண்டில் ஒரு வீட்டிலிருந்து வந்தால் மட்டும் வேறு முறை. குடும்பத் தலைவரே வர வேண்டும், முன் வாசல் வழியாகப் பகலில் வர வேண்டும். கண்ணாடிச் சட்டத்தைத் திறந்து கொடுப்பேன். சிவப்புப் பேனாவால் தன் கையெழுத்தைத் தானே அடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிள்ளைக்குக் கட்டில்.

"என்னாக்கா இது?" என்றாள் சலேஹா. "புள்ள பொழைச்சா போதும்னு வர்றவங்கள கோர்ட்ல நிக்க வைக்கிற மாதிரில இருக்கு."

"கோர்ட்டுதான்."

"ஒங்க வீட்டுக்காரரு கையெழுத்தும் அதுல இருக்குல்ல?"

"மொத மொதல்ல அடிச்சது அதத்தான். போய்ப் பாரு."

அவள் பார்த்தாள். நான் அடித்த கோடு காகிதத்தைக் கிழித்திருந்தது. அதற்குப் பிறகு மருந்து எண்ணும்போதெல்லாம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இருந்தாள்.

முதலில் வந்தவர் அர்ஜுனன் வாத்தியார், பதினெட்டாவது கையெழுத்து. மகனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பேனாவை வாங்கினார். கோடு பக்கத்துப் பெயர்மேலும் ஏறிவிட்டது. "சாரி, சாரி" என்று காகிதத்திடம் மன்னிப்புக் கேட்டார். பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. வயிறு குளிர்ந்தது. எட்டு வருஷம் ராத்திரி பகல் எரிந்த வயிறு. செப்டம்பருக்குள் என் புருஷனோடு சேர்த்துப் பதினோரு பெயரை அடித்தாயிற்று. பதினோரு வீடு! ஒருவரும் இல்லை என்று உறுதி கூறியவர்கள்! ஒவ்வொரு தடவையும் சட்டத்தை மூடும்போது முதல் பெயரைப் பார்ப்பேன். அது மட்டும் கனகசுந்தரத்தின் கையைப் போலவே நறுவிசாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

அவர் வருவார் என்று எனக்குத் தெரியும். அவருடைய மகன் சந்திரசேகரனை மே மாதமே பார்த்துவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தான். பன்னிரண்டு மணி வெயிலில் முழுக்கைச் சட்டை. மூக்கை ஓயாமல் தேய்த்தான். கண்ணின் மணி கடுகளவுதான் இருந்தது. எட்டுக் கட்டிலுக்கு நடுவில் புழங்குகிற எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? பையன் என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். பிறகு பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தேன். அப்படி ஜூனில் மூன்று தடவை, ஜூலையில் எத்தனையோ தடவை. ஒரு நாள்கூட அவனைக் கூப்பிட்டுப் பேசவில்லை. அப்பன் கூட்டிக்கொண்டு வரட்டும் என்று காத்திருந்தேன். சலேஹாவிடமும் வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில், ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, பின் சந்துக் கதவை யாரோ தட்டினார்கள். கக்கூஸ் வாளி எடுக்கும் வண்டி வந்துபோன காலத்துச் சந்து அது, மனுஷர் யாரும் வருவதில்லை. திறந்தால் கனகசுந்தரம். வெள்ளைச் சட்டை, கையில் குடை.

"மிஸஸ் அப்புத்துரை," என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "கொஞ்சம் பேசணும். உள்ள வரலாமா?"

"அங்கயே நின்னு சொல்லுங்க."

குரலைத் தாழ்த்தினார். "சந்திரனுக்கு... ஒடம்பு சரியில்ல. நீங்க எடுத்துக்கிட்டீங்கன்னா... கேஸ்ட்ரிக்னு எழுதிக்கலாம். ராவுல கொண்டாந்து விட்டுர்றேன்."

"கேஸ்ட்ரிக்குக்கு பெரிய ஆஸ்பத்திரி இருக்கு."

"மகளுக்கு ஈப்போவுலருந்து எடம் வந்திருக்கு. மாப்பிள்ள டாக்டர். அடுத்த மாசம் பேசி முடிக்க வர்றாங்க. இப்ப இது வெளிய தெரிஞ்சா..." குடையின் கைப்பிடியைத் திருகினார். "ஒங்களுக்குத் தெரியாததா? நீங்களும் பட்டவங்கதானே."

பட்டவள்! எந்த வாயால் அதைச் சொன்னார் பாருங்கள். எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. ஆனால் கத்தவில்லை. இந்த நிமிஷத்துக்காகத்தானே எட்டு வருஷம்; அதை அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்வேனா?

"மிஸ்டர் கனகசுந்தரம், முறை எல்லாருக்கும் ஒன்னுதான். முன் வாசல். ஞாயித்துக்கெழம காலைல பத்து மணி. ஒங்க கையால அடிச்சுட்டு மகன உள்ள விடுங்க."

"ஞாயித்துக்கெழம எல்லா குடும்பமும் வந்து இருக்குமே."

"ஆமா, இருக்கும்."

கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றேன். சந்தோஷத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பார்க்கக் குடும்பங்கள் வரும் நாள். ஹால் முழுக்க ஆட்கள். அர்ஜுனன் வாத்தியார், மற்ற ஒன்பது வீட்டுக்காரர்கள், இரண்டு சீனக் குடும்பம், ஒரு மலாய்த் தாய். சரியாகப் பத்து மணிக்கு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அப்பனும் மகனும் உள்ளே வந்தார்கள். சந்திரன் இருபத்துமூன்று வயதுக்குக் கிழவன் மாதிரி இருந்தான். கொட்டாவி விட்டான், மூக்கு ஒழுகியது, கை ரோமம் குத்திட்டு நின்றது. வருவதற்காக முதல் நாளிலிருந்தே பொடியைத் தொடாமல் இருந்திருக்கிறான் என்று சலேஹா பார்த்தவுடன் கண்டுபிடித்து, அவனுக்கு ஒரு நாற்காலி போட்டாள்.

நான் சட்டத்தைத் திறந்து மனுவை மேசைமேல் வைத்தேன். கனகசுந்தரம் சிவப்புப் பேனாவை எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஸ்கேல் வைத்ததுபோல ஒரே கோடாக அடித்தார். பேனாவை மூடி வைத்தார். முடிந்துவிட்டது. அர்ஜுனன் வாத்தியாருக்கு அதோடு விட்டேன், மற்றவர்களுக்கும் அதோடு விட்டேன்.

எனக்குப் போதவில்லை. அவ்வளவு நறுவிசாக அடித்துவிட்டுப் போவதா? என் மகன் பின்னறையில் கிடந்து துடித்தது இந்த ஒரு கோட்டுக்குச் சரியாகிவிடுமா?

"வாசிங்க," என்றேன்.

"என்ன?"

"நீங்க எழுதுனதுதானே. சத்தமா வாசிங்க. எல்லாரும் கேக்கட்டும்."

"அக்கா!" என்றாள் சலேஹா.

"நீ சும்மா இரு. வாசிங்க மிஸ்டர் கனகசுந்தரம்."

அவர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். யாராவது தடுப்பார்கள் என்று நினைத்தார் போலிருக்கிறது. யாரும் தடுக்கவில்லை. அர்ஜுனன் வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கனகசுந்தரம் காகிதத்தைத் தூக்கிப் பிடித்து வாசித்தார். மன்றத்தில் ஆண்டறிக்கை வாசிக்கிற அதே குரல், அதே உச்சரிப்பு. 'எங்கள் இல்லங்களில்' என்ற இடம்வரை வந்தார். 'ஒருவரும் இல்லை' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. வாய் மட்டும் அசைந்தது.

"கேக்கல. திருப்பிப் படிங்க," என்றேன்.

நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. சந்திரன் எழுந்துவிட்டான். யாரையும் பார்க்கவில்லை. ஆட்களை விலக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனான். செருப்புக்கூடப் போடவில்லை. நாங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது ஆயர் ஈத்தாம் பஸ் புறப்பட்டிருந்தது. பின் ஜன்னலில் அவன் தலை தெரிந்தது.

ஆயர் ஈத்தாம். ஒரு நாள் முழுக்கப் பொடியைத் தொடாத உடம்பு, நெஞ்சு நிறைய அவமானம், அந்தப் பசார். இதே கணக்கில் நான் ஒரு பிள்ளையைக் கொடுத்திருக்கிறேன். கனகசுந்தரம் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார்.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க! காடிய எடுங்க!" என்று கத்தினேன்.

அவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பஸ்ஸை முந்தி அடுத்த நிறுத்தத்தில் காரை நிறுத்தினார். அவரும் இறங்கப் பார்த்தார்.

"நீங்க ஏறாதீங்க. காரோட பின்னாலேயே வாங்க," என்று சொல்லிவிட்டு நான் மட்டும் பஸ்ஸில் ஏறினேன்.

சந்திரன் கடைசி சீட்டில் மடங்கி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்து நின்றார். அப்போதுதான் கையில் ஒரு காசுகூட இல்லாமல் ஓடி வந்தது தெரிந்தது. சந்திரன் சட்டைப் பையிலிருந்து கசங்கிய நோட்டை எடுத்து எனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினான். அது எதற்கு வைத்திருந்த காசு என்று எனக்குத் தெரியும்.

"எறங்கிப் போங்க ஆன்ட்டி."

"நீ வந்தா எறங்குறேன்."

"அப்பா செஞ்சது தப்புதான். எனக்குத் தெரியாதா? நாகநாதன் அண்ணன் கூட நான் பந்து வெளயாடுனவன்." முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு பேசினான். "நீங்க என்னைய பாத்தீங்க."

"எப்ப?"

"மே மாசம். பஸ் ஸ்டாப்ல. நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இன்னைக்குக் கூப்புடுவாங்க, நாளைக்குக் கூப்புடுவாங்கன்னு நெனச்சேன். ஒங்க போர்டு பக்கமா வேணும்னே நடந்து போவேன். நீங்க தலைய குனிஞ்சுக்கிட்டுப் போனீங்க. ஒரே ஒரு தடவ, 'வாடா உள்ள'ன்னு சொல்லியிருந்தா வந்திருப்பேன் லா ஆன்ட்டி."

என்ன சொல்வது? அப்பன் வரட்டும் என்று உன்னைக் காய விட்டேன் என்றா? நாலு மாதம். நாலு மாதத்தில் எந்த நாளும் இவன் அந்தக் கழிப்பறையில் கிடந்திருக்கலாம். அப்போதும் நான் சட்டத்தில் முதல் பெயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். தெருவில் ஒரு பிள்ளையும் இப்படி இல்லை என்று நாற்பத்திரண்டு பேர் எழுதிக் கொடுத்தார்கள். நாற்பத்து மூன்றாவது கையெழுத்தை நான் பேனா இல்லாமலே போட்டிருக்கிறேன்.

"நாகநாதன் அண்ணன் இன்னைக்கு உயிரோட இருந்து, அப்புத்துரை அங்கிள் கூட்டிக்கிட்டு வந்திருந்தா," என்றான், "அங்கிளையும் வாசிக்கச் சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருப்பேன். என் ஆத்திரத்துக்குப் புருஷன் என்ன, யார் என்ன. அங்கிருந்து என் மகனும் இப்படித்தான் எழுந்து போயிருப்பான். அப்பா தலை குனிந்தால் தாங்காத பிள்ளை அவன்.

"சொல்லியிருப்பேண்டா," என்றேன். "அவனும் பஸ் ஏறியிருப்பான்."

அதுவரை அழாதவன் அதற்கு அழுதான். நானும்தான். முன் சீட்டுச் சீனக் கிழவி திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பசார் நெருங்கியது. சந்திரனின் முழங்கால் குதித்துக்கொண்டே இருந்தது. கை கதவுப் பக்கக் கம்பியை எட்டிப் பிடித்தது.

"என்னா வேணும் ஒனக்கு? சொல்லு."

"அந்தப் பேப்பர எடுத்துருங்க."

"முப்பது பேரு இன்னும் அடிக்காம இருக்கானுங்கடா."

"அப்ப நான் எறங்குறேன்."

"எடுத்துர்றேன். இன்னைக்கே எடுத்துர்றேன்." முப்பது பேர்! அவர்களெல்லாம் இனிமேல் நிமிர்ந்து நடந்து வருவார்கள். "அந்த மேசையில சலேஹா உக்காரட்டும். நான் குசினியில சமைச்சுக்கிட்டு கெடக்குறேன். போதுமா?"

பஸ் கடைசி நிறுத்தத்தில் நின்றது. எல்லாரும் கூடை, சாமானோடு இறங்கினார்கள். எங்களுக்குப் பின்னால் கனகசுந்தரத்தின் கார் வந்து நின்றது. கதவைத் திறந்து அவர் பஸ்ஸை நோக்கி ஓடி வந்தார். சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, அங்கேயே நில்லுங்கள் என்று காட்டினேன். பிள்ளை பயந்துவிடக் கூடாது என்பதற்காக என்று சொன்னால் பாதி பொய். அந்த மனுஷர் நிற்கட்டும் என்றுதான் பாதி. அவரை நான் மன்னிக்கவில்லை. இனிமேலும் மாட்டேன்.

அவர் வெயிலில் நின்றார். சந்திரன் அப்பாவைப் பார்த்தான், பிறகு பசாரைப் பார்த்தான். டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து எஞ்சினை முடுக்கினார். டவுனுக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். நான் சந்திரனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் மறுபடி வந்து நின்றார்.

சந்திரன் மிச்சமிருந்த காசை எடுத்து நீட்டி, "டத்தோ கிராமாட் ரெண்டு," என்றான்.